சிலந்தி தாமதமாகக் கடித்த கதை

பீட்டர் பார்க்கருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். முகத்தில் தாடி. மேரி ஜேன் மனைவி, இரண்டு பிள்ளைகள், பத்திரிகை அலுவலகத்தில் வேலை. குறையென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்தவனைப்போல ஒரு தவிப்பு அவனிடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் மார்வெல் வெளியிட்ட 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்' முதல் இதழ் இந்தத் தவிப்பிலிருந்து தொடங்குகிறது. எழுதியவர் ஜொனாதன் ஹிக்மன், வரைந்தவர் மார்கோ செக்கெட்டோ. விடலைப் பருவத்தில் கடித்திருக்க வேண்டிய சிலந்தி இந்த உலகத்தில் கடிக்கவில்லை. கடிக்கவிடாமல் ஒருவன் காலத்தையே திருத்திவிட்டான். இத்தனை ஆண்டு கழித்து அந்தச் சிலந்தி ஒரு சிறு பெட்டியில் பீட்டரைத் தேடி வருகிறது. உனக்கு வரவேண்டியிருந்த வாழ்க்கை இது, வேண்டுமா என்று பார்த்துக்கொள் என்ற பொருளில் ஒரு செய்தியும் கூடவே வருகிறது.

இதழ் முழுக்கச் சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பேச்சு, இரங்கல் கூட்டம், வீட்டுச் சமையலறை, இரவு. கடைசியில் பெட்டி திறக்கிறது, சிலந்தி கடிக்கிறது.

சூப்பர்ஹீரோ காமிக்ஸில், நாயகன் எப்படி உருவானான் என்று சொல்லும் தோற்றக் கதை என்பது நம் ஊர்க் கோயில்களின் தலபுராணம் மாதிரி. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட வேண்டும். கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒரே நேரத்தில் இந்த வேலையில் இறங்கின. மார்வெலின் புதிய 'அல்டிமேட்' வரிசை ஒரு பக்கம். 2024 அக்டோபரில் டிசி தொடங்கிய 'அப்சல்யூட்' வரிசை இன்னொரு பக்கம். இரண்டிலும் நல்ல இதழ்களும் உண்டு, ஆரவாரம் மட்டும் மிஞ்சிய இதழ்களும் உண்டு. எது தேறியது, எது தேறவில்லை என்று பார்ப்பதற்கு முன், தோற்றக் கதை என்ற சரக்கு எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேனின் பிறப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் கிரகத்துக்குப் பெயர் இல்லை. அது அழிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் முதுமை. விண்கலத்தில் வந்து விழுந்த குழந்தையை அந்த வழியாக வண்டியில் போன யாரோ ஒருவர் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார். அவ்வளவுதான், உடனே அவன் வளர்ந்து வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அவசரத்தில் இருந்தார்கள், அவர்களுக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது. அந்த முதல் கதையில் சூப்பர்மேன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் நிரபராதிப் பெண்ணைக் காப்பாற்ற ஆளுநரின் வீட்டுக் கதவைப் பெயர்க்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் மோதுகிறான். செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனைத் தூக்கிக்கொண்டு உயரத்தில் ஓடிப் பயமுறுத்துகிறான். வேற்றுக்கிரக வில்லன் ஒருவனும் இல்லை. பொருளாதாரப் பெருமந்த காலத்து ஏழைப் பையன்கள் இருவர் கண்ட கனவு அது. உரிமையை அவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டது தனிச் சோகக் கதை.

பேட்மேன் 1939 மே இதழில் அறிமுகமானபோது அவனுக்குத் தோற்றக் கதையே கிடையாது. அவன் பெற்றோர் தெருவில் சுடப்பட்டது ஆறு மாதம் கழித்து, 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 33-ஆம் இதழில், இரண்டு பக்கங்களில் சொல்லப்பட்டது. முதலில் ஆள் வந்தான், காரணம் பின்னால் வந்தது. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். தமிழில் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் வழியே வந்த இரும்புக்கை மாயாவியை நம்மில் பெரும்பாலோர் நடுவிலிருந்துதான் பிடித்தோம். பழைய புத்தகக் கடையில் எந்த இதழ் கிடைக்கிறதோ அதுதான் நமக்கு முதல் இதழ். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். அது எப்படி வந்தது என்ற கேள்வி இல்லாமலே பல கதைகளைத் தாண்டியிருப்போம். பிறகு ஒருநாள் தோற்றக் கதை கையில் கிடைக்கும்போது, தெரிந்த மனிதரின் சின்ன வயதுப் புகைப்படத்தைப் பார்க்கிற சுகம்.

தோற்றக் கதையை ஒரு கலைவடிவமாக நிலைநிறுத்தியது 1962 ஆகஸ்டு தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ். ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த 11 பக்கங்கள். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பீட்டரை வளர்த்த பென் மாமா இந்தக் கதையில் விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களில் மட்டுமே வருகிறார். அவர் சாவது நமக்குக் காட்டப்படுவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் சொல்லித்தான் பீட்டருக்கும் நமக்கும் தெரிகிறது. அதற்கு முன்பே, ஒரு திருடன் ஓடிவந்து லிப்ட்டில் ஏறித் தப்பிக்கும்போது, பக்கத்தில் நின்ற ஸ்பைடர்-மேன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். அது தன் வேலையில்லை என்கிறான். கிடங்கில் கொலைகாரனைப் பிடித்து முகத்தைப் பார்க்கும்போது, அதே முகம். மகத்தான ஆற்றலுடன் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற புகழ்பெற்ற வரி கடைசிக் கட்டத்தில், தெருவில் தனியாக நடந்து இருட்டில் மறையும் பையனின் தலைக்கு மேல், கதைசொல்லியின் குரலில் வருகிறது. அந்த இதழில் பென் மாமா அதைச் சொல்லவே இல்லை. பிற்காலத்தில்தான் அவர் வாயில் அதைப் போட்டார்கள். அப்படிச் செய்ததும் அது பெரியவர் சொன்ன புத்திமதியாகச் சுருங்கியது. மூலக் கதையில் புத்திமதி சொல்ல ஆள் இல்லை. தவறு செய்தவனே இருட்டில் நடந்து கண்டுபிடித்தது அது.

ஆகவே சிலந்தி கடித்ததால் ஸ்பைடர்-மேன் பிறக்கவில்லை. கடி வெறும் விபத்து. கடித்த பிறகு தொலைக்காட்சியில் காசு பார்க்கத்தான் போனான் பையன். அவன் பிறந்தது லிப்ட் வாசலில். நான் வாசிக்கும் ஒவ்வொரு புதிய தோற்ற இதழையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடுகிறேன்: சக்தி எப்படி வந்தது என்பதை எழுதியிருக்கிறார்களா, கடன் எப்படி ஏறியது என்பதை எழுதியிருக்கிறார்களா?

சக்தியை மட்டும் மாற்றி எழுதியவர்கள் வரிசையாகத் தோற்றிருக்கிறார்கள். 1998-ல் ஜான் பைர்ன் ஸ்பைடர்-மேனின் ஆரம்ப நாட்களை மறுபடி எழுதியபோது, பீட்டரைச் சிலந்தி கடித்த விபத்தையும் அவன் எதிரி டாக்டர் ஆக்டோபஸ் உருவான விபத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். கச்சிதமான யோசனை போலத் தோன்றும். ஆனால் அதோடு நியூயார்க் மாநகரம் ஒரு தெருவாகச் சுருங்கிவிடுகிறது. 2011-ல் டிசி தன் 52 இதழ்களையும் ஒன்றாம் எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கியபோது வொண்டர் வுமனை ஸ்யூஸ் தேவனின் மகளாக்கினார்கள். அதுவரை அவள் தாய் களிமண்ணில் பிடித்து, வேண்டி, உயிர் வரப்பெற்ற பிள்ளை. கிளிஃப் சியாங்கின் ஓவியம் அபாரம். அந்தத் தொடரே நல்ல தொடர்தான். ஆனால் ஆண் துணை இல்லாமல் பெண்கள் மட்டுமே வாழும் தீவில் ஒரு தாயின் ஆசையால் பிறந்தவள் என்பதை எடுத்துவிட்டு, ஊரெல்லாம் பிள்ளை பெற்ற தேவனுக்கு இன்னொரு பிள்ளை என்று எழுதியதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனை முறை ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்? கலை ஆர்வம் பாதி என்றால் வயதுக் கணக்கு கால்பங்கு. 1962-ல் பதினைந்து வயது என்று வைத்தால் பீட்டர் இப்போது எண்பதை நெருங்க வேண்டும். அவன் முதுமை அடையாமல் இருக்க, ஆரம்பத்தைத்தான் இழுத்து இழுத்து முன்னால் கொண்டுவர வேண்டும். மீதிக் கால்பங்கு கல்லாப்பெட்டி. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர்கள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத சரக்காகத்தான் இதழ்களை முன்கூட்டியே வாங்குகிறார்கள். ஒன்றாம் எண் போட்ட இதழ் என்றால் ஆர்டர் குவியும்; சேகரிப்பவர்கள் ஒரே இதழை நான்கு அட்டைகளில் வாங்குவார்கள்; இரண்டாம் இதழிலேயே எண்ணிக்கை சரியத் தொடங்கும். இந்த வித்தையின் உச்சம் 1991: ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அத்தனையும் வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நம்புவதற்கில்லை. ஐந்தே ஆண்டில், 1996 டிசம்பரில், மார்வெல் திவால் மனு கொடுத்தது.

எனவே புதிய ஒன்றாம் இதழ் என்றதும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். 'அப்சல்யூட்' வரிசையையும் அந்தச் சந்தேகத்தோடுதான் கையில் எடுத்தேன்.

இந்த வரிசையின் சூத்திரம் எளிது. ஒவ்வொரு நாயகனிடமிருந்தும் அவனுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தூணைப் பிடுங்கிவிட வேண்டும். பேட்மேனிடமிருந்து பணத்தை, சூப்பர்மேனிடமிருந்து வளர்ப்புக் குடும்பத்தை, வொண்டர் வுமனிடமிருந்து தீவை. பிறகு என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சூத்திரமாகச் சொன்னால் சலிப்பாகத்தான் இருக்கும். மூன்று இதழ்களிலும் அது மூன்று விதமாக வேலை செய்கிறது.

ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிரகோட்டா வரைந்த 'அப்சல்யூட் பேட்மேன்' மூன்றிலும் அதிகமாகப் பேசப்பட்டது. அச்சு மேல் அச்சாக விற்றது. இதில் பேட்மேனாகிற புரூஸ் வெய்ன் மாளிகைக்காரன் இல்லை, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, பொறியாளன். தந்தை தாமஸ் பள்ளி ஆசிரியர். மாணவர்களை உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிச்சென்ற இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சாகிறார். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார். ஆல்பிரட் வீட்டுப் பணியாளர் இல்லை, இவனை வேவுபார்க்க வந்த உளவாளி. முதல் இதழே அவர் பார்வையில்தான் நகர்கிறது. பின்னாளில் எதிரிகளாகப் போகிறவர்கள் இங்கே புரூஸின் பால்ய நண்பர்கள். மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரியின் தலை. டிரகோட்டா பேட்மேனைக் கதவளவு அகலத்துக்கு வரைகிறார். அந்தப் பருமனில் ஒரு குழந்தைத்தனமான உற்சாகம் இருக்கிறது.

கோடரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது பூங்கா. 1939-ல் பெற்றோர் சாவது தெருவழிப்பறியில். அந்தக் காலத்து நகரவாசியின் அச்சம் அது: இருட்டு, சந்து, துப்பாக்கியோடு ஒருவன். இன்றைய அமெரிக்கக் குழந்தையின் அச்சம் பட்டப்பகலில், வகுப்புத் தோழர்களுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளியில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒத்திகை பார்த்து வளர்கிற தலைமுறைக்கு தாயின் முத்துமாலை அறுந்து விழும் அந்தச் சந்து ஒரு பழைய சினிமாக் காட்சி மட்டுமே. ஸ்னைடர் தொட்டது சரியான நரம்பு. ஆனால் தொட்டுவிட்டு அதே வேகத்தில் அடுத்த அடிதடிக்கு ஓடிவிடுகிறார் என்பது என் குறை. பிராங்க் மில்லரும் டேவிட் மாசுகெல்லியும் 1987-ல் பேட்மேனின் முதல் ஆண்டை நான்கு இதழ்களில் எழுதினார்களே, அதில் புரூஸ் இரத்தம் ஒழுக நாற்காலியில் உட்கார்ந்து, தந்தையின் சிலையைப் பார்த்துப் பேசும் பக்கங்கள் உண்டு. மணியடித்தால் ஆல்பிரட் வருவார், காயத்துக்குக் கட்டுப்போடுவார். மணியை அடிக்கலாமா, இப்படியே செத்துப்போகலாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கிறான். சன்னலை உடைத்துக்கொண்டு வௌவால் வருகிறது. அந்த உட்கார்ந்திருத்தல் புதிய புரூஸுக்குக் கிடைக்கவே இல்லை. அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

'அப்சல்யூட் சூப்பர்மேன்' 2024 நவம்பரில் வந்தது. எழுத்து ஜேசன் ஆரன், ஓவியம் ராஃபா சாண்டோவல். கிரிப்டன் கிரகம் இங்கே மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரிந்து கிடக்கிறது. கால்-எல் என்பது சூப்பர்மேனின் பிறந்த பெயர்; அவன் பெற்றோர் கீழ்த்தட்டு உழைப்பாளிகள். குழந்தையாகத் தொட்டிலில் வந்தவன் இல்லை இவன். தன் உலகம் கண்ணெதிரே அழிந்ததைப் பார்த்த நினைவோடு பூமிக்கு வந்த இளைஞன். இங்கே வந்தும் பிரேசில் சுரங்கத்தில் தொழிலாளிகளோடு நிற்கிறான். இதைப் புரட்சிகர மாற்றம் என்று சிலர் கொண்டாடினார்கள், சூப்பர்மேனை அரசியலாக்கிவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இரு தரப்பும் 1938-ஆம் ஆண்டு இதழை ஒருமுறை புரட்டியிருக்கலாம். அங்கே இருந்த சூப்பர்மேனுக்கு மிக அருகில் வந்திருப்பவன் இவன்தான். என் புகார் வேறு: முதல் இதழ் கிரிப்டனுக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவுவதில் ஒரு இடத்திலும் கால் ஊன்றுவதில்லை. ஒரு பக்கத்தில் முடிந்த விஷயத்தை இத்தனை இதழ்களுக்கு ஒத்திப்போட நல்ல காரணம் வேண்டும். 2005 இறுதியில் கிராண்ட் மாரிசனும் பிராங்க் குவைட்லியும் 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' முதல் இதழின் முதல் பக்கத்தில் நான்கே கட்டங்களில், ஆங்கிலத்தில் எட்டே சொற்களில் முழுத் தோற்றக் கதையையும் முடித்துவிட்டார்கள்: அழியப்போகும் கிரகம், தவிக்கும் விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கை, அன்பான தம்பதி. பக்கத்தைத் திருப்பினால் சூப்பர்மேன் சூரியனுக்கு எதிரே பறந்துகொண்டிருக்கிறான்.

மூன்றில் என் ஓட்டு 'அப்சல்யூட் வொண்டர் வுமன்' இதழுக்கு. கெல்லி தாம்சன் எழுதியது, ஹேடன் ஷெர்மன் வரைந்தது. சொர்க்கத் தீவுக்குப் பதில் நரகம். பிறந்த குழந்தை டயானாவை அப்போலோ தூக்கிவந்து சிர்சி என்ற சூனியக்காரியிடம் ஒப்படைக்கிறான். அவள் பிறந்த பெண்வீரர் குலமான அமேசான் என்ற சொல்லே குழந்தையின் காதில் விழக்கூடாது என்று தடை. சிர்சிக்குக் குழந்தை வேண்டாத விருந்தாளி. அவள் மெல்ல மெல்லத் தாயாகும் பக்கங்களை ஷெர்மன் சீரான கட்டங்களில் வரைவதில்லை. கட்டங்கள் வளைந்தும் சாய்ந்தும், குகையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பக்கம் நிகழ்காலத்தில், எலும்புக் குதிரையில், தன் உயரத்துக்குப் பெரிய வாளோடு, வளர்ந்த டயானா கேட்வே நகரத்தின் மேல் இறங்குகிறாள். நரகத்தில் வளர்ந்தவள், ஆனால் பேச்சில் அத்தனை இதம். இந்த முரண்தான் இதழின் உயிர். பின்னால் ஒரு மனிதனை நரகத்திலிருந்து வெளியே அனுப்ப அவள் தன் ஒரு கையையே விலையாகக் கொடுக்கும் இடம் வருகிறது. களிமண், தீவு, ராணி எல்லாவற்றையும் எடுத்த பிறகும், ஒரு தாயின் வளர்ப்பு என்பது மட்டும் இங்கே தங்கிவிட்டது. 2011-ல் தவறவிட்ட இழையை யாரோ எடுத்துக் கோர்த்துவிட்டார்கள்.

மறுபடி பீட்டருக்கு வருவோம். ஹிக்மனின் உலகத்தில் பென் மாமா உயிரோடு இருக்கிறார்; இறந்தது அவர் மனைவி மே அத்தை. குற்றவுணர்வு என்ற பழைய எந்திரம் கழற்றப்பட்டுவிட்டது. அப்படியானால் கடன் எங்கிருந்து ஏறும் என்ற கேள்வியோடுதான் படித்தேன். பதில் இதழின் அமைப்பிலேயே இருக்கிறது. 1962-ல் சக்தி முதலில் வந்தது, தேர்வு பின்னால் வந்தது, அதுவும் காலம் கடந்து. இங்கே தேர்வு முதலில் வருகிறது. வீட்டுக்கடன், பள்ளிக்கட்டணம், தூங்கும் மனைவி எல்லாம் உள்ள ஒருவன், கெடுவதற்கு நிறைய இருக்கிற ஒருவன், பெட்டியைத் திறக்கிறான். பதினைந்து வயதுப் பையன் செய்தால் அது அசட்டுத் துணிச்சல். இந்த வயதில் செய்தால் அதை என்னவென்று சொல்வது என்று மேரி ஜேனைத்தான் கேட்க வேண்டும்.

பென் மாமாவுக்கும் இதனால் ஒரு நன்மை. அறுபது ஆண்டுகளாகச் சாவதற்கென்றே பிறந்தவராக இருந்தவர், இங்கே ஜோனா ஜேம்சனோடு சேர்ந்து முதலாளியிடமிருந்து விலகிச் சொந்தப் பத்திரிகை தொடங்கப் போகிறார். வயதான இரண்டு பத்திரிகையாளர்களின் அந்த வாக்குவாதங்கள், என்னைக் கேட்டால், சிலந்திச் சாகசங்களைவிடச் சுவையானவை. 2000-த்தில் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் முதல் 'அல்டிமேட்' தொடரில் 11 பக்கக் கதையைப் பல இதழ்களுக்கு நீட்டியதும் பென்னுக்கு ஆயுளும் குரலும் கொடுக்கத்தான். அதைப் பார்த்துப் பிறரும் காரணமில்லாமல் நீட்ட ஆரம்பித்தது வேறு விஷயம்.

இந்தியாவிலும் ஒருமுறை இந்த முயற்சி நடந்தது. 2004-ல் பவித்ர் பிரபாகர் என்ற மும்பைப் பையனை ஸ்பைடர்-மேனாக்கி நான்கு இதழ்கள் வந்தன. கதிரியக்கச் சிலந்திக்குப் பதிலாக ஒரு யோகி வரம் கொடுத்தார். உடையில் வேட்டி சேர்ந்தது. பென் மாமா பீம் மாமாவானார். ஆடையை மாற்றினார்கள், அடியிலிருந்த கதையை அப்படியே விட்டுவிட்டார்கள். பென் இருந்த இடத்தில் பீம் செத்தார், அதே காரணத்துக்கு. பையனின் நகரமும் வறுமையும் கதைக்குள் இறங்கவே இல்லை. 2023-ல் அனிமேஷன் திரைப்படம் வழியே அவன் பிரபலமானபோது அந்த வரம் பற்றிய பேச்சே அதிகம் எழவில்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை.

இந்தத் தோற்றக் கதைகளுக்கு இன்னொரு கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்து வெளியீடுகளுக்குக் காப்புரிமை 95 ஆண்டுகள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2034 ஜனவரி 1-ஆம் தேதி பொதுச்சொத்தாகிவிடும். பேட்மேன் அடுத்த ஆண்டு. பெயர், சின்னம் போன்ற வணிக முத்திரைகள் நிறுவனத்திடமே இருக்கும். கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்று விடுதலையாகப் போகும் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவ மட்டும்தான் தெரியும். அவனுடைய கிரகத்துக்குப் பெயர் கிடையாது. அவனை வளர்க்கும் கென்ட் தம்பதி 1939-ல்தான் கதைக்குள் வருகிறார்கள், ஆகவே அவர்களும் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது அந்த ஒற்றைப் பக்கமும், வழியில் வண்டியை நிறுத்திக் குழந்தையைத் தூக்கிய பெயர் தெரியாத அந்த மனிதரும். அவர் யார் என்று இதுவரை எந்த ஒன்றாம் இதழும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.